ரூபினா ஜெயித்த வழக்கு

கோர்ட்டில் ஜெயித்ததால் நிலத்தை இழந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் ரூபினா. தோற்று இழந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் லோக்கல் கோர்ட்டில் கிளார்க்காக உட்கார்ந்தவனுக்கு அது தினப்படி காட்சி. தோற்றவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள், கொஞ்ச நாளில் ஆறிவிடும். ரூபினா ஜெயித்தாள், பன்றி அறுத்து எங்களுக்கெல்லாம் சோறு போட்டாள், அதற்கு முப்பது வருஷம் கழித்து அதே தீர்ப்பு அவள் கழுத்தைப் பிடித்தது. இந்தக் கதையில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்ப்பை எழுதிய கை என் கை.

தாவூலி என்பது அவளுடைய நிலம். தலைநகர் ஹொனியாராவிலிருந்து கிழக்கே லாரியில் இரண்டு மணி நேரம் வந்து, சும்பா ஆற்றங்கரையில் இறங்கி, மலையைப் பார்த்து நடந்தால் வரும். இந்தக் குவாடல்கனால் தீவில் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகனுக்கு அதில் இருக்க உரிமை உண்டு, அவன் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் அவர்களுடைய அம்மாவின் நிலத்துக்குப் போக வேண்டும். ஆனால் நிலத்தைப் பற்றிச் சபையில் எழுந்து பேசுவது மட்டும் ஆண்கள் வேலை. பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேசுகிற ஆண் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் தொண்டையைக் கனைப்பார்கள், அவன் திருத்திக்கொள்வான். நான் கேலா தீவுக்காரன். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

எங்கள் தீவுகளுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், எழுபத்தொன்பதில், அக்கரைக் கூட்டம் ஆற்றைத் தாண்டி வந்து தாவூலியில் தென்னம்பிள்ளை நட்டது. ரூபினாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புருஷன் கொப்பரைப் படகோடு கடலில் மூழ்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையில் மூன்று பெண் குழந்தைகள். அவள் அந்தத் தென்னம்பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆற்றங்கரையில் அவர்கள் பார்க்கும்படி அடுக்கி வைத்துவிட்டு, எங்கள் கோர்ட்டுக்கு நடந்து வந்தாள். ஒரு வார்த்தை கூட அதிகம் பேசவில்லை.

"கேஸ் போடணும்" என்றாள்.

"யார் மேல?"

"அக்கரை ஆளுங்க மேல."

"யார் பேசப் போறாங்க?"

"என் கூடப் பிறந்தவன்."

கூடப் பிறந்தவன் கசிமீரோ. இரண்டு வயது இளையவன். கோயிலில் உபதேசியார் வேலை பார்த்தவன், குரல் கணீரென்று இருக்கும். வயசுக்கு வந்த அக்கா தம்பி நேருக்கு நேர் பேசுவது இங்கே வழக்கமில்லை. அவன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். அவன் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். ஆனால் அவன் கோர்ட்டில் பேச வேண்டிய விஷயமெல்லாம் இருந்தது அவள் தலைக்குள்தான். பதினோரு தாய்மார்களின் பெயர், யார் மகள் யார், எந்த நாலி மரத்தை எவள் நட்டாள், எந்தக் கல் எவளுடைய அடுப்புக்கல், எல்லாம். நாலி என்றால் எங்கள் காட்டுப் பாதாம். அந்த மரத்தை நட்டவளுடையது நிலம் என்பது சாட்சி சொல்லத் தேவையில்லாத சாட்சி.

எனவே அவள் தம்பி பெண்டாட்டி மடலீனாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பெண்களும் தேங்காய் துருவிக்கொண்டே ஆறு வாரம் பாடம் படித்தார்கள். மடலீனா வீட்டுக்குப் போய்ப் புருஷனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் தப்பாகச் சொன்னால் மறுநாள் மடலீனா வந்து, "உங்க ஆளு எட்டாவது அம்மாவையும் ஒன்பதாவது அம்மாவையும் மாத்திப் போடுறாரு, நான் என்ன செய்ய?" என்று சிரிப்பாளாம். இதையெல்லாம் ரூபினாவே பின்னால் எனக்குச் சொன்னது.

விசாரணை நாள் வந்தது. ஓலைக் கூரை போட்ட கோர்ட்டு வீடு. நடுவில் தலைவர் லேவி, இரண்டு பக்கமும் இரண்டு பெரியவர்கள். எல்லோரும் வெற்றிலை பாக்கை வாசலில் துப்பிவிட்டு வர வேண்டும் என்பது லேவியின் சட்டம். அவர் மட்டும் வாயில் வைத்துக்கொள்வார். நான் ஓரமாக மேஜை போட்டுப் பெரிய பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஹொனியாராவில் அச்சடித்து அனுப்பிய புத்தகம். 'வாதி' என்று ஒரு கோடு, 'பிரதிவாதி' என்று ஒரு கோடு. ஒருவர் பெயர் எழுதத்தான் இடம். ஒரு வம்சத்தை, அதிலும் பெண்கள் வம்சத்தை, அந்தக் கோட்டில் எப்படி எழுதுவது என்று அச்சடித்தவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"வாதி யாரு?" என்றார் லேவி.

கசிமீரோ எழுந்தான். "நிலம் எங்கக்காவோடதுங்க. நான் பேச வந்தவன்."

"அப்ப அக்காவைக் கூப்பிடு."

"அவங்க வெளியில உக்காந்திருக்காங்க. நான் நிக்கிற எடத்துக்கு அவங்க வர மாட்டாங்க, உங்களுக்குத் தெரியாததா?"

லேவி என்னைப் பார்த்தார். நான் பேனாவோடு வெளியே போனேன். நோனி மரத்தடியில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் ரூபினா சின்னக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புஸ்தகத்துல உங்க பேரு எழுதணும். உள்ள வந்து சொல்லிட்டுப் போங்க."

"நான் எப்படி வர்றது? உள்ள அவன் நிக்கிறான்ல."

"இங்கேருந்தே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவள் சுற்றி இருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்கள் சிரித்தார்கள். ஆண் பேசும்போது தன் பெயரைப் போடச் சொல்கிற பெண்ணை இங்கே என்ன சொல்லிக் கேலி செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தம்பியை நம்பாதவள் என்பார்கள்.

"பேசுறது யாரோ அவர் பேரையே போட்டுக்கோ தம்பி. நிலம் யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும்ல" என்றாள்.

எல்லோருக்கும் தெரியும்தான். லேவிக்குத் தெரியும். அக்கரைக் கூட்டத்துக்கே தெரியும். நான் உள்ளே போய் 'வாதி: கசிமீரோ தோவா' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் அழகாகவே எழுதினேன்.

அடுத்த நாள் கோர்ட்டே எழுந்து நிலத்துக்கு நடந்தது. நாலி மரங்கள் வரிசையாக நின்றன, காட்டில் தானாக முளைத்தது வரிசையாக நிற்காது. கசிமீரோ ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஒரு தாயின் பெயரைச் சொன்னான். பின்னால் நூறடி தள்ளிப் பெண்கள் நடந்து வந்தார்கள். ஏழாவது மரத்தில் அவன் தடுமாற, பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. லேவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அக்கரைக் கூட்டத்துக்காரனால் நாலு தலைமுறைக்கு மேல் போக முடியவில்லை. தீர்ப்பு மூன்று வரி. 'தாவூலி நிலத்தின் வழக்கப்படியான உரிமையாளர் வாதி கசிமீரோ தோவா. பிரதிவாதிக்கு அதில் உரிமை இல்லை. அவர் வெளியேற வேண்டும்.' இதைச் சத்தமாக வாசித்தவன் நான். யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. மரத்தடியில் பெண்கள் அழுதார்கள், சந்தோஷத்தில்.

அக்கரைக் கூட்டம் மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. நில வழக்கில் அதற்கு மேல் போக வழியில்லை. ஏதாவது சட்டப் புள்ளி இருந்தால் மட்டும் மூன்று மாதத்துக்குள் ஹை கோர்ட்டைக் கேட்கலாம், அவ்வளவுதான். எண்பத்தொன்றில் அப்பீல் தள்ளுபடி. மூன்று மாதமும் ஓடியது. லேவி தாவூலிக்கே வந்து, "இனிமே இந்த நிலத்தைப் பத்தி எவனும் வாயத் தொறக்க முடியாது. முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பன்றி அறுத்தார்கள். மரவள்ளிப் புட்டில் தேங்காய்ப் பால் ஊற்றி ரூபினாவே எனக்கு இலையில் வைத்தாள்.

"எம் புள்ளைங்களுக்கு இனிப் பயமில்ல தம்பி. பேப்பரு கோர்ட்டுல இருக்கு" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அடுத்த பதினைந்து வருஷத்தை நான் நாலு வரியில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவள் உழைத்தாள், அவ்வளவுதான். வள்ளிக்கிழங்கும் மரவள்ளியும் போட்டாள். நாலிக் கொட்டை உடைத்து மூட்டை கட்டி லாரியில் ஹொனியாரா சந்தைக்குப் போய் வெயிலில் உட்கார்ந்து விற்றாள். மூன்று பெண்களையும் மிஷன் பள்ளிக்கு அனுப்பினாள். மூத்தவள் பெலிசிட்டா கட்டிய மாப்பிள்ளை நிலமில்லாதவன், தாவூலியிலேயே வீடு போட்டான். மற்ற இருவரும் பக்கத்திலேயே. பதினொன்றுக்கு அடுத்த பெயர் தன்னுடையது, அதற்கடுத்தது பெலிசிட்டா என்று பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

கசிமீரோ ஹொனியாராவுக்கு அருகே மடலீனாவின் நிலத்தில் இருந்தான். கொட்டைப் பருவத்தில் வந்து ஒரு மூட்டை வாங்கிப் போவான். தன் பிள்ளைகளைத் தாவூலியில் குடி வைக்க அவன் நினைத்திருந்தால் அதற்கும் வழக்கத்தில் வழியிருந்தது. சுப்பு என்போம். பன்றியும் கிழங்கும் சிப்பிக் காசு மாலைகளும் மலையாகக் குவித்து, நிலத்துத் தாய்மார்கள் முன்னால் வைத்து, 'என் பிள்ளைகள் இங்கே இருக்கட்டும்' என்று கேட்க வேண்டும். அவன் கேட்கவில்லை. "எம் பசங்களுக்கு அவங்கம்மா நெலம் இருக்கு" என்பான். கௌரவமான மனுஷன். தொண்ணூற்றாறில் செத்துப்போனான். தன் பெயர் அந்தப் புத்தகத்தில் ஒரு கண்ணிவெடி மாதிரி கிடப்பது அவனுக்குச் சாகும்வரை தெரியாது.

பிறகு தீவுக்காரர்களுக்குள் கலவரம் நடந்த வருஷங்கள். ஆட்கள் துப்பாக்கியோடு அலைந்தார்கள், ஊர் ஊராகக் காலியாயிற்று, அரசாங்க வீடுகள் எரிந்தன. பல கோர்ட்டுகளின் பதிவுகள் அப்படிப் போனதுதான். நான் எங்கள் புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி, தார்ப்பாய் சுற்றி, மோட்டார்ப் படகில் கேலாவுக்குக் கொண்டுபோய் என் அம்மா வீட்டுப் பரணில் வைத்தேன். அமைதி வந்ததும் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம்கூட நனையவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை நான் பல நாள் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சாக்கைக் கடலில் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மடலீனாவின் நிலம் நகரத்தை ஒட்டியிருந்தது. அவள் தாய்மாமன்மார் துண்டு துண்டாக வெளியாட்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலி மேல் வேலி வந்தது. கசிமீரோவின் மூத்த மகன் டோனாசியோ, பெண்டாட்டி பிள்ளையோடு நிற்க இடமில்லாமல் ஒரு நாள் தாவூலிக்கு வந்தான். ரூபினா அவனைத் திண்டாட விடவில்லை. ஆற்றோரம் ஒரு துண்டைக் காட்டி, "இங்க வீடு போட்டுக்க. எந்தம்பி புள்ள வாடகை வீட்டுல கெடக்கணுமா?" என்றாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதானாம். அந்த அழுகை பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாயிரத்தெட்டில் மரக் கம்பெனி வந்தது. தாவூலி மலை முழுக்கப் பெரிய மரம். கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட ஒரு ஆளைத் தேடினார்கள். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் டோனாசியோ. போட்டான். ரூபினாவுக்குச் செய்தி எட்டியபோது மஞ்சள் நிற மண்தள்ளி இயந்திரம் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மலை யாரோடதுன்னு நெனச்சு நீ கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டாள்.

"நம்ம குடும்பத்துக்குத்தான் அத்தை. உங்களுக்கும் பங்கு வரும்."

"எனக்கு நீ பங்கு தர்றியா?"

அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போனாள். பெரியவர்கள் விசாரணைக்கு நாள் குறித்தார்கள், ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள். டோனாசியோவிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அப்பன் சுப்பு வைக்கவில்லை. அவன் முகம் வாடிப்போயிருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கையெழுத்தை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூடப் பெண்டாட்டியிடம் கேட்டிருக்கிறான்.

ரூபினா என்னிடம் வந்தாள். அறுபத்தொரு வயது, முட்டி வீங்கியிருந்தது.

"தம்பி, எம் பேப்பரை எடு."

நான் புத்தகத்தை எடுத்தேன். தேடி, நகல் எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டேன். மூன்று வரியையும் என் கையாலேயே இரண்டாம் முறை எழுதினேன். அந்தப் பெயரையும் எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ரூபினாவின் வழக்கு, ரூபினாவின் பேப்பர், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. அவள் அதை வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, "இது போதும்ல?" என்றாள்.

"தாராளமாப் போதும் அக்கா. இதை மிஞ்சி எதுவும் கெடையாது" என்றேன்.

விசாரணைக்கு நானும் போனேன், வேடிக்கை பார்க்க. பெரியவர்களில் தலைமை ஜெரோம். ரூபினா எழுந்து நடுவில் வந்து பேப்பரை வைத்தாள். ஜெரோம் கேட்டார்:

"அம்மா, உங்க சார்பா பேச ஆம்பளை யாராவது வந்திருக்காங்களா?"

"நானே பேசுறேன். பேப்பரைப் படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி மனதுக்குள் படித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுல உங்க பேரு இல்லியேம்மா. கசிமீரோன்னு இருக்கு."

"ஆமா, பேசினது அவருதானே."

"உரிமையாளர்னு இருக்கு. பேசினவர்னு இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை விவரிக்கப் போவதில்லை.

டோனாசியோ எழுந்தான். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கணம் வரை அவன் தோற்கப் போகிறவன். அவன் மெதுவாக, "கசிமீரோ எங்கப்பா. நான் மூத்த மகன்" என்றான். பிறகு பதினோரு தாய்மார்களின் பெயரை ஒன்றுவிடாமல் சொன்னான். சமையலறையில் மடலீனா படித்த பாடத்தை மடியில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். அவனைப் பெறாத பதினோரு தாய்மார்கள். தடுமாறவே இல்லை, கனைக்க யாருக்கும் வேலையில்லை.

"அவங்க எங்கம்மாமாருடா. உங்கம்மா வேற வம்சம்" என்றாள் ரூபினா.

"தீர்ப்புல அப்படி இல்லியே அத்தை."

ஜெரோம் வழக்கம் தெரியாதவர் இல்லை. அவரே தன் அம்மாவின் நிலத்தில் இருப்பவர். ஆனால் முத்திரை வைத்த தாளுக்கு முன்னால் வழக்கம் வாயை மூடிக்கொள்கிறது. "கோர்ட்டு சொன்னதுக்கு மேல நாங்க சொல்ல முடியாது" என்று எழுந்துவிட்டார்.

லோக்கல் கோர்ட்டுக்கு வந்தாள். லேவி செத்துப் பல வருஷம். புதுத் தலைவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இது எழுபத்தொம்பதுல முடிஞ்ச கேஸ். மேல் கோர்ட்டும் உறுதி பண்ணிருச்சு. ஒரே நெலத்துக்கு ரெண்டாம் தடவை நாங்க உக்கார முடியாது" என்றார்.

நான் எழுந்தேன். கிளார்க் எழுந்து பேசக் கூடாது, ஆனாலும் எழுந்தேன். "பேரை நான் தப்பா எழுதிட்டேன். நிலம் அக்காவோடதுன்னு கசிமீரோவே சொன்னாரு. நான் கேட்டேன்."

"அது புஸ்தகத்துல இருக்கா?"

"இல்ல."

"ஏன் எழுதல?"

"எல்லாருக்கும் தெரியும்னு எழுதல."

"புஸ்தகம் எழுதினது நீங்கதானே? கலவரத்துல காப்பாத்தினதும் நீங்கதானே? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஹொனியாராவில் இலவச வக்கீல் ஒரு பெண், சின்ன வயசு, நல்லவள். ஹை கோர்ட்டில் மனுப் போட்டாள். ரூபினா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னதை வக்கீல் வாசலில் நின்று எங்களுக்குப் புரியும்படி சொன்னாள். வழக்கப்படி நிலம் யாருடையது என்பதை முடிவு செய்கிற அதிகாரம் ஹை கோர்ட்டுக்கு இல்லையாம், அது லோக்கல் கோர்ட்டின் வேலையாம். சட்டப் புள்ளி இருந்தால் கேட்டிருக்கலாமாம், ஆனால் அதற்கான மூன்று மாதம் எண்பத்தொன்றிலேயே முடிந்துவிட்டதாம்.

"எண்பத்தொண்ணுல நான் எதுக்கு அப்பீல் பண்ணணும்? ஜெயிச்சவ நான்" என்றாள் ரூபினா.

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்தக் கோர்ட்டு, அது எங்கள் வேலை இல்லை என்கிறது. அந்தக் கோர்ட்டு, எங்கள் வேலை முடிந்துவிட்டது என்கிறது. இரண்டும் சட்டப்படி சரி. முப்பத்தோரு வருஷம் நான் இந்தச் சரியைத்தான் நீல மையில் எழுதிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மலையில் மரம் விழுகிற சத்தம் தினம் கேட்க ஆரம்பித்தது. நாலி மரங்களைத் தொட வேண்டாம் என்று டோனாசியோ கம்பெனியிடம் சொல்லியிருந்தான். மூன்று மரம் பாதைக்கு இடைஞ்சலாக இருந்தது, அதை மட்டும் தள்ளினார்கள். ரூபினா அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உனக்கு இந்தத் துண்டைக் காட்டினது யாருடா?"

"நீங்கதான் அத்தை."

"அப்ப இது யாரோட நெலம்?"

"எல்லாம் தெரியும் அத்தை. எங்கம்மா நெலத்த மாமனுங்க வித்துட்டாங்க. இதையும் விட்டா நான் எங்க போறது? எம் பசங்க எங்க போவாங்க?"

"எம் பொண்ணுங்க எங்க போவாங்க?"

"உங்கள நான் போகச் சொல்லலியே" என்றான்.

அதுதான் விஷயம். அவன் போகச் சொல்லவில்லை. ஆனால் அவன் பையன்கள் சொல்லலாம், அவர்கள் பிள்ளைகள் சொல்லலாம். தீர்ப்பு சாகாது. பெலிசிட்டாவின் பெண்களுக்குத் தாவூலியை விட்டால் உலகத்தில் வேறு இடம் கிடையாது. பாதிரியாரும் ஜெரோமும் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான். ரூபினா சுப்பு வைக்க வேண்டும், டோனாசியோவுக்கு. அதை அவன் வாங்கிக்கொண்டால் அவளும் அவள் வம்சமும் தாவூலியில் இருக்கலாம். கோர்ட்டில் பதிவும் செய்துவிடலாம்.

அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் ஓய்வு பெற்றுச் சில மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, வேண்டாம். சுப்பு வச்சா நெலம் அவனோடதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் உங்க பேத்தி காலத்துல ஒரு நல்ல கோர்ட்டு வந்தாக்கூட ஒண்ணும் செய்ய முடியாது."

"நல்ல கோர்ட்டு எப்ப வரும்?"

அவள் அதோடு விடவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறியா? தெரியும். ஆனா பொண்ணுங்க நாளைக்கு எங்க படுப்பாங்க, அத நீ சொல்லு" என்றாள்.

பன்றிகளை அவளே வளர்த்தாள். கிழங்கு அவள் தோட்டத்தது, அதாவது தாவூலியில் விளைந்தது. அவள் நிலத்தில் விளைந்ததைக் குவித்து அவள் நிலத்தைக் கேட்டாள். சிப்பிக் காசு மாலைகள் மகள்களின் கல்யாணத்தில் வந்தவை. குவியல் ஆள் உயரம் இருந்தது. இந்தப் பக்கத்தில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய சுப்பு வைத்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். சுப்பு வைக்கிறவர் தரப்பில் ஒரு ஆண் எழுந்து பேச வேண்டும். மூத்த மாப்பிள்ளை எழுந்தான். ரூபினா கையைக் காட்டி அவனை உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்தாள்.

"டோனாசியோ, எங்கம்மா நெலத்துல நானும் எம் புள்ளைங்களும் இருந்துக்குறோம். சரின்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அவன் நிமிரவில்லை. "இருங்க அத்தை" என்றான். பன்றிகளைப் பங்கு போட்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்தது. வாங்க மறுத்தால் அவளுக்கு அவமானம். சாப்பிட்டேன்.

புதிதாக வந்த கிளார்க்குப் பையனுக்குப் பழைய முறைப்படி எழுதத் தெரியாது. என்னை எழுதச் சொன்னார்கள். 'உரிமையாளர் டோனாசியோ தோவா. அனுமதி பெற்றவர் ரூபினா.' முதல் தடவையாக அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறியது. நான் எழுதி முடித்ததும் அவள், "சரியா எழுதினியா?" என்று கேட்டாள். கிண்டலா, நிஜமாகக் கேட்டாளா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

இரண்டு வருஷம் இருந்தாள். சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பேத்திகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். பெலிசிட்டா கேட்டால், "டோனாசியோவக் கேளு, அவனுக்கு எல்லாம் தெரியும்" என்பாளாம். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து செத்துப்போனாள். பெட்டியை லாரியில் ஆற்றங்கரைவரை கொண்டுவந்து, தாவூலிக்குச் சுமந்தோம்.

அனுமதி குடியிருப்பதற்குத்தான் வாங்கியிருந்தது, புதைப்பதற்கு வாங்கவில்லை என்று ஜெரோம் ஞாபகப்படுத்தினார். தப்பு சொல்ல முடியாது, நிலத்தில் கல்லறை என்பது உரிமைக்குச் சாட்சி, பின்னால் சண்டை வரும். பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பெலிசிட்டாவும் நானும் ஆற்றோரம் நடந்துபோய் டோனாசியோவைக் கேட்டோம். அவன் சட்டையைக்கூடப் போடாமல் ஓடிவந்தான். ஓவென்று அழுதான். "இதுக்கெல்லாமா கேக்குறது? எங்க வேணும்னாலும் வச்சுக்குங்க" என்றான். நல்ல பையன். ஜெரோம், எதற்கும் எழுத்தில் இருந்துவிடட்டும் என்றார். மழையில் நனையாமல் கூரையடியில் பெட்டியின் மேலேயே தாளை வைத்து எழுதினேன்.

அத்தையைப் புதைக்க அனுமதி தருவதாக டோனாசியோ கையெழுத்துப் போட்டான். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.